குரூகர் தேசியப் பூங்காவில் தாமே வண்டி ஓட்டிச் செல்லும் பயணம்

குரூகர் தேசியப் பூங்கா தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ள காட்டுயிர்க் காப்பிடம். கிழக்கே மொசாம்பிக் நாடும், வடக்கே லிம்போப்போ ஆற்றுக்கு அப்பால் ஜிம்பாப்வேயும், தெற்கே குரோக்கடைல் ஆறும் இதன் எல்லைகள். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளமும், சராசரியாக 65 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இதன் பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

சிங்கம், சிறுத்தை, ஆப்பிரிக்க யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தும் வாழும் இந்தக் காட்டுக்குள் பயணிகள் தங்கள் காரிலோ வாடகைக் காரிலோ, வழிகாட்டி இல்லாமல், தாமே ஓட்டிச் செல்லலாம். ‘செல்ஃப் டிரைவ்’ என்று பரவலாகச் சொல்லப்படும் இந்த முறைக்கு உலகில் மிகவும் பெயர் பெற்ற இடங்களுள் குரூகரும் ஒன்று. முதுமலை போன்ற இந்தியப் புலிகள் காப்பகங்களில் வனத்துறை வண்டியில் ஏறிச் சென்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். சாதாரணக் காரின் கண்ணாடிக்கு அப்பால் சில மீட்டர் தொலைவில் ஒரு சிங்கம் வண்டியைச் சட்டை செய்யாமல் படுத்திருக்கும் காட்சி எப்படி இயல்பாகிறது என்பதே இந்தப் பயண முறையைப் பற்றிய முதன்மையான கேள்வி. அங்குள்ள விதிகள் எல்லாவற்றுக்கும் விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வரலாறு

1898-ஆம் ஆண்டு அன்றைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகரின் ஆட்சியில் சாபி ஆற்றுக்கும் குரோக்கடைல் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதி வேட்டை தடை செய்யப்பட்ட காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. போயர் போர் முடிந்த 1902-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் அதன் காப்பாளராகப் பொறுப்பேற்றார். 1946 வரை அவர் இந்தக் காட்டுடன் பிணைந்திருந்தார். அன்றைய நிர்வாகம் மான் இனங்களைப் பெருக்குவதையே முதல் வேலையாகக் கருதியது. அதனால் தொடக்க ஆண்டுகளில் சிங்கம் முதலிய ஊனுண்ணிகள் காவலர்களாலேயே சுடப்பட்டன.

இந்தப் பார்வை மாறியதில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. 1923-இல் தென்னாப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை இயக்கியது. சாபி காப்பிடத்தில் அந்த ரயில் நின்ற சிறிது நேரமே பயணத்தின் சிறந்த பகுதி என்று பயணிகள் கருதினர். உயிருள்ள விலங்கைப் பார்ப்பதற்காக மக்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்பது அப்போது தெளிவானது. 1926-இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறி, சாபி, சிங்வெட்சி காப்பிடங்கள் இணைந்து குரூகர் தேசியப் பூங்கா உருவானது. மறு ஆண்டு, 1927-இல், ஒரு பவுண்டு கட்டணத்தில் கார்கள் அனுமதிக்கப்பட்டன. அந்த ஆண்டு முழுவதும் உள்ளே வந்தவை மூன்றே கார்கள். ஆகவே இங்குள்ள விலங்குகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக, பல தலைமுறைகளாக, கார்களைப் பார்த்து வளர்ந்தவை.

பூங்காவின் கதையில் மனிதர்கள் வெளியேற்றப்பட்ட பகுதியும் உண்டு. தலைமையிடமான ஸ்குகூசா முகாமின் பெயர், ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு உள்ளூர் மக்கள் வைத்த பட்டப்பெயர். ‘துடைத்துப் பெருக்குபவர்’ என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள்களுள் ஒன்று. வேட்டைக்காரர்களை மட்டுமல்லாமல், அங்கே குடியிருந்த மக்களையும் அவர் அப்புறப்படுத்தினார். 1969-இல் வடகோடியில் லிம்போப்போ, லுவுவு ஆறுகளுக்கு இடையே வாழ்ந்த மக்குலேக்கே இனத்தவர் ஏறக்குறைய 3,000 பேர் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டனர். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1998-இல், அந்த நிலத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் அங்கே மீண்டும் குடியேறாமல், நிலத்தைக் காப்பிடமாகவே வைத்துக்கொண்டு சுற்றுலாவின் வழியே வருமானம் பெறும் முறையைத் தேர்ந்தெடுத்தனர்.

நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் அல்லாத பயணிகளுக்கென்று பாலூலே என்னும் சிறு முகாம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களும் அந்தப் பாகுபாட்டுக்கு உட்பட்டவர்களே. இன்று எல்லா முகாம்களும் அனைவருக்கும் பொதுவானவை. மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய் விளக்கு எரியும் பாலூலே முகாமைப் பலர் அதன் எளிமைக்காகவே நாடுகின்றனர்.

சாலைகளும் வேகமும்

பூங்காவின் முதன்மைச் சாலைகள் பெரும்பாலும் தார் போட்டவை. அவை ‘எச்’ என்ற எழுத்துடனும், பெரும்பாலும் சரளை மண்ணாலான கிளைச் சாலைகள் ‘எஸ்’ என்ற எழுத்துடனும் எண்ணிடப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்காவில் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓட்ட வேண்டும். உயரம் குறைந்த சாதாரணக் காரே பெரும்பாலான சாலைகளுக்குப் போதும். ஆனால் இருக்கை சற்று உயரமாக உள்ள வண்டியில் புல்லுக்கு மேலாகப் பார்ப்பது எளிது.

வேக வரம்பு தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 40 கிலோமீட்டர். இவை மேல் வரம்புகள் மட்டுமே. விலங்குகளைப் பார்க்க விரும்புபவர் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்வார். ஸ்குகூசாவிலிருந்து சதாரா முகாம் ஏறக்குறைய 93 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தோன்றும் இந்தத் தூரத்தைக் கடக்க நான்கு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வழியில் யானைக் கூட்டம் சாலையை மறித்து நின்றால் அந்தக் கணக்கும் தவறிவிடும்.

வேக வரம்பு பயணிகளின் பாதுகாப்புக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. குளிர்ந்த விடியலில் சிங்கங்கள் வெப்பம் தங்கிய தார்ச்சாலையில் வந்து படுக்கின்றன. அழியும் நிலையிலுள்ள ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் சாலைகளில் ஓடியும் இளைப்பாறியும் திரிகின்றன. ஆமை, பச்சோந்தி, பாம்பு ஆகியவை சாலையைக் கடக்க நீண்ட நேரம் எடுத்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் சாலையில் கிடக்கும் யானைச் சாணத்தில் சாண வண்டுகள் உருண்டை உருட்டிக்கொண்டிருக்கும். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சாணக் குவியலின் மீது சக்கரம் ஏறாமல் ஒதுங்கிச் செல்வர்.

வாயில் நேரம்

பயணிகள் தங்கும் முகாம்கள் வேலியிடப்பட்டவை. மாலையில் முகாமின் வாயில் மூடப்பட்ட பின் பயணிகள் வேலிக்கு உள்ளேயும் விலங்குகள் வெளியேயும் இருப்பது ஏற்பாடு. கோடையான நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் வாயில்கள் காலை 4.30-க்குத் திறந்து மாலை 6.30-க்கு மூடப்படுகின்றன. குளிர்காலமான மே முதல் ஜூலை வரை காலை 6 மணி முதல் மாலை 5.30 வரை. நேரம் கடந்து வருபவர்களுக்கு அபராதம் விதிக்கப்படலாம். வாயில் மூடும் நேரத்துக்குள் முகாமை எட்ட முடியுமா என்பதைப் பகல் இரண்டு மணிக்கே கணக்கிட்டுத் திரும்புவது நல்லது. நேரம் தப்பிவிடுமோ என்ற அவசரத்தில் வேகமாக ஓட்டும் மாலைப் பொழுதில்தான் விலங்குகளும் நடமாடத் தொடங்குகின்றன.

இரவில் காட்டைப் பார்க்க விரும்புபவர்கள் பூங்கா நிர்வாகத்தின் வண்டியில், வழிகாட்டியுடன் செல்லலாம். பகலில் காணக் கிடைக்காத புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, கரைக்கு வந்து மேயும் நீர்யானை ஆகியவற்றை அப்போது காணலாம்.

வண்டிக்குள் இருப்பதன் காரணம்

குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கதவைத் திறந்து வைப்பதும், ஜன்னல் வழியாகவோ கூரைத் திறப்பு வழியாகவோ உடலை வெளியே நீட்டுவதும் தடை செய்யப்பட்டவை. பூங்காவின் விதிகளில் மிகவும் முக்கியமானது இதுவே.

ஒரே வடிவில், ஒரே வகை ஓசையுடன் வந்து, சற்று நின்று, தீங்கு செய்யாமல் போய்விடும் பொருளாகக் காரை விலங்குகள் பழகிக்கொண்டுள்ளன. உணவு தராத, துன்பமும் தராத ஒன்றை விலங்கு காலப்போக்கில் பொருட்படுத்தாமல் விடுகிறது. ஆனால் அந்த வடிவத்திலிருந்து ஒரு தலையோ கையோ வெளிப்பட்டவுடன், அது மனிதனாகிவிடுகிறது. மனிதனைக் கண்டால் பெரும்பாலான விலங்குகள் ஓடும். சில தாக்கும். காருக்குள் இருப்பவர் சிங்கத்தின் கண்ணுக்குத் தெரியாதவர் என்று எண்ணுவது தவறு. காரின் ஒரு பகுதியாக இருக்கும் வரை அவர் பொருட்படுத்தப்படுவதில்லை என்பதே சரி.

இந்த வேறுபாட்டை உணராததால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2024 ஜூலையில், தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள பிலானெஸ்பெர்க் தேசியப் பூங்காவில், குட்டிகளுடன் நின்ற யானைக் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காகக் காரிலிருந்து இறங்கி நெருங்கிச் சென்ற ஸ்பெயின் நாட்டுப் பயணி ஒருவர் யானைகளால் மிதித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் காருக்குள் இருந்தனர். அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

யானைகளுடன் சாலையில்

குரூகரில் தாமே வண்டி ஓட்டுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது சிங்கத்திடம் அல்ல, யானையிடமே. சிங்கம் பெரும்பாலும் காரைப் பொருட்படுத்துவதில்லை. யானைக்குக் காரைப் புரட்டிப்போடும் வலிமை உண்டு. ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் இருப்பதால், ஆசிய யானைகளைப் போலத் தந்தத்தை மட்டும் பார்த்து ஆண் என்று முடிவு செய்ய இயலாது.

மதம் பிடித்த ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் கறையாகத் தெரியும். பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் ஒழுகி நனைந்திருக்கும். தலையை உயர்த்தி நடக்கும். இத்தகைய யானை சாலையில் எதிரே வந்தால் தொலைவிலேயே வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும். குட்டிகளுடன் வரும் கூட்டமாயின், தாய்க்கும் குட்டிக்கும் இடையே வண்டி புகுந்துவிடக் கூடாது. காதுகளை அகல விரித்து நேரே நோக்குவது, தலையை உலுக்குவது, காலால் மண்ணை உதைப்பது, பிளிறுவது ஆகியவை விலகிப் போ என்னும் எச்சரிக்கைகள். ஹாரன் அடிப்பதும் எஞ்சினை உறுமவிடுவதும் நிலைமையை மோசமாக்கும். முன்னும் பின்னும் கார்கள் அடைத்து நின்றால் விலக இடமிருக்காது. ஆகவே யானை தென்பட்டதும் பின்னால் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

2013 டிசம்பர் இறுதியில் குரூகரில் மதம் பிடித்த ஆண் யானை ஒன்று இருவர் சென்ற காரைத் தந்தத்தால் குத்திப் புரட்டியது. காரிலிருந்த பெண் படுகாயமடைந்து உயிர் பிழைத்தார். அந்த யானையைப் பூங்கா நிர்வாகம் கொன்றுவிட்டது. இத்தகைய நிகழ்வுகளில் மனிதருக்குச் சிகிச்சையும் விலங்குக்குச் சாவும் முடிவாக அமைவது புதிதல்ல.

உணவு கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. முகாம்களிலும் உணவு அருந்தும் இடங்களிலும் பபூன் குரங்குகளும் வெர்வெட் குரங்குகளும் பயணிகளை நெருங்கி வரும். ஒருமுறை ரொட்டித் துண்டு கிடைத்த குரங்கு அடுத்த முறை அதைப் பறிக்கும், பிறகு கடிக்கும். மனிதரைத் தாக்கப் பழகிய குரங்கும் கழுதைப்புலியும் கடைசியில் சுடப்படுகின்றன. கொடுத்தவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்.

காட்டைப் படிக்கும் முறை

வழிகாட்டி இல்லாத பயணத்தில் விலங்கு இருக்கும் இடத்தைப் பயணியே கண்டறிய வேண்டும். அதற்கு மற்ற உயிரினங்களே உதவுகின்றன. இம்பாலா மான்கள் ஒரே திசையை உற்று நோக்கி, மூக்கால் சீறி ஒலி எழுப்பினால் அங்கே ஊனுண்ணி ஒன்று இருக்கக்கூடும். ஒட்டகச்சிவிங்கி மேய்வதை நிறுத்திவிட்டு அசையாமல் ஓரிடத்தைப் பார்ப்பதும் அப்படியே. பாறுகள் வட்டமிட்டு இறங்கும் இடத்தில் இரை கிடக்கலாம். ஆற்றோர அத்தி மரங்களின் கிடைமட்டக் கிளைகளில் தொங்கும் வாலைத் தேடுபவருக்கே சிறுத்தை தென்படும்.

மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் புல் குறைந்து, தண்ணீர் சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கும். நீர்நிலையோரம் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது, ஐம்பது கிலோமீட்டர் சுற்றி வருவதைவிடப் பயன் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். வெப்பம் சில நாட்களில் 40 பாகை செல்சியசைத் தொடும். அடர்ந்த பசுமையில் விலங்குகள் மறைந்துகொண்டாலும், வலசை வரும் பறவைகளையும் நவம்பர், டிசம்பரில் பிறக்கும் இம்பாலா குட்டிகளையும் காண இதுவே காலம்.

முகாம்களில் வைக்கப்பட்டுள்ள வரைபடப் பலகையில், அன்று எந்த விலங்கு எங்கே காணப்பட்டது என்பதை வண்ண வில்லைகளால் பயணிகளே குறிக்கின்றனர். காண்டாமிருகம் கண்ட இடத்தை மட்டும் வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். குரூகர் பகுதியில் வேட்டையால் அழிந்துபோன வெள்ளைக் காண்டாமிருகம், 1961 முதல் நேட்டாலிலிருந்து கொண்டுவரப்பட்டு மீண்டும் பெருகியது. பின்னர் கொம்புக்கான கள்ளவேட்டை தீவிரமடைந்தது. 2014-ஆம் ஆண்டில் மட்டும் குரூகரில் 827 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. இடக்குறிப்புடன் இணையத்தில் ஏற்றப்படும் ஒரு படம் கள்ளவேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகிவிடலாம்.

இறங்கக்கூடிய இடங்கள்

நாள் முழுவதும் காருக்குள் அடைந்திருக்க வேண்டியதில்லை. சொக்வானே, இங்குலு போன்ற உணவு அருந்தும் இடங்களில் இறங்கலாம். ஓலிஃபன்ட்ஸ், லெடாபா ஆறுகளின் மீதுள்ள உயர்ந்த பாலங்களில் மஞ்சள் கோடுகளுக்கு இடையே நின்று கீழே நீர்யானைகளையும் முதலைகளையும் பார்க்கலாம். ஸ்குகூசாவுக்கு அருகிலுள்ள லேக் பேனிக் என்னும் பறவை நோக்குமிடம் ஒளிப்படக்காரர்கள் விரும்பும் இடம்.

நடந்து செல்ல விரும்புபவர்கள் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகளுடன் காலை நடையில் சேரலாம். 1978-இல் தொடங்கிய வோல்ஹூட்டர் தடம் போன்ற காட்டு நடைப் பயணங்களில் எட்டுப் பேர் வரையிலான குழு சில நாட்கள் காட்டுக்குள்ளேயே தங்குகிறது. காரில் சட்டை செய்யாமல் நின்ற அதே இம்பாலா, நடப்பவரைக் கண்டவுடன் நூறு மீட்டருக்கு அப்பால் ஓடுவதை அப்போது நேரில் காணலாம். காருக்கும் மனிதனுக்கும் விலங்குகள் வைத்திருக்கும் வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பயணத்துக்கு முன்

ஒளிப்படத்துடன் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட இந்திய ஓட்டுநர் உரிமம் தென்னாப்பிரிக்காவில் ஏற்கப்படுகிறது. இருப்பினும் வாடகைக் கார் நிறுவனங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கேட்கக்கூடும் என்பதால், முன்னரே உறுதி செய்துகொள்வது நல்லது. விடுமுறைக் காலங்களில் முகாம்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். இது மலேரியா பரவும் பகுதி. குறிப்பாக மழைக்காலத்தில் செல்பவர்கள் மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிய வேண்டும்.

பெரிய முகாம்களில் எரிபொருளும் கடையும் உண்டு. தண்ணீர், தொலைநோக்கி, அச்சிட்ட வரைபடம் மூன்றும் எப்போதும் காரில் இருக்க வேண்டும். பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. பூங்காவின் அவசர உதவி எண்ணை நுழைவாயிலிலேயே குறித்துக்கொள்வது அவசியம். வண்டி பழுதானால் இறங்கி நடக்கக் கூடாது. காருக்குள் இருந்தபடியே அடுத்து வரும் வண்டியிடம் செய்தி சொல்லி அனுப்புவதே வழக்கம்.

விதிகளின் பயன்

சிங்கம் காரைப் பார்த்து ஓடாமல் இருப்பது இயற்கையாக அமைந்ததல்ல. 1927 முதல் வந்துசென்ற வண்டிகளில் பெரும்பாலானவை அதற்குத் தீங்கு செய்யாமல் போனதால் விளைந்தது. மெதுவாக ஓட்டுவது, இறங்காமல் இருப்பது, உணவு போடாமல் இருப்பது, நேரத்துக்குத் திரும்புவது ஆகிய நான்கும் அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறை விலங்குகளுக்கும் நீட்டிக்கின்றன. ஒருவர் விதியை மீறினால், அவருக்குப் பின் அதே சாலையில் வருபவர் அச்சத்திலும் சினத்திலும் இருக்கும் விலங்கைச் சந்திக்க நேரிடும். காவலர் ஒவ்வொரு காரையும் பின்தொடர முடியாத அத்தனை பெரிய காட்டில், விதிகளைக் காக்கும் பொறுப்பு வண்டியை ஓட்டுபவரிடமே விடப்பட்டிருக்கிறது.